இலையில் வைக்காத கருவாடு

உன் கடிதம் வந்தது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டிய இடத்தை யாராவது பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கிழித்தேன். சிரிக்காதே. பட்டாளத்தில் இருப்பவன் கடிதத்தை நாலு பேர் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நீ எழுதியதையும் படித்தேன், எழுதாமல் விட்டது என்னவாக இருக்கும் என்றும் யோசித்தேன். பெங்களூரில் குளிர் பரவாயில்லை என்கிறாய். அப்படியென்றால் இருமல் வந்திருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறாய். அப்படியென்றால் ரொட்டி வேகவில்லை. அதெல்லாம் போகட்டும். கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் நான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. ஆகவே தாய்மாமன் ஸ்தானத்தில் நின்று உன் நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு, மணையில் உட்கார வைக்க முனுசாமி மாமாவைக் கூப்பிட வேண்டும் என்கிறாய். இது உன் புத்தியில் வந்ததா, அவன் சொல்லிக் கொடுத்ததா?

அந்த முனுசாமியைப் பற்றி நான் உன்னிடம் இதுவரை வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். உனக்கு அவன் மாமா. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் காட்டப் போனவன். உன் நைனாவோடு ஒரே பட்டாளத்தில் இருந்து உயிரோடு திரும்பியவன். எனக்கோ அவன் முதல் நாளே, முதல் வார்த்தையிலேயே பொய் சொன்னவன். செத்துப்போன மனுஷனைப் பற்றி ஒருவன் பொய் சொல்கிறான் என்றால் எதற்காகச் சொல்கிறான்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? உன் நைனாவின் சாவில் இவனுக்கு ஏதோ கை இருக்கிறது, அதை மூடத்தான் இத்தனை உறவு கொண்டாடுகிறான் என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவனை உன் நெற்றியில் கை வைக்க விடுவேனா? முடியாது என்று ஒரே வார்த்தையில் எழுதிப் போட்டிருப்பேன். போடாமல் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், தீபாவளிக்கு முந்தின நாள் ஒன்று நடந்துவிட்டது. அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நான் காத்திவாக்கத்து உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சோறு இல்லாத நாள் உண்டு, கருவாடு இல்லாத நாள் கிடையாது. அப்பா பாத்தியிலிருந்து கொண்டு வரும் உப்பிலேயே மீனைப் போட்டுப் புரட்டி அம்மா காய வைப்பாள். வாய்க்கு ருசி என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ராயபுரத்துக்கு, இந்த வீட்டுக்கு, வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே உன் தாத்தா சட்டம் போட்டுவிட்டார். அவர் பென்ஷன் வாங்கிய ஹவில்தார், உனக்குத் தெரியாததா? "பட்டாளத்துக்காரன் வூட்டுல அந்தக் கலீஜு வாசன அடிக்கக் கூடாது" என்றார். உன் நைனாவும் அப்பன் பேச்சுக்குத் தலையாட்டினார். கருவாடு என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும் என்பார். என் பிறந்த வீட்டுக்கு வந்தால் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். எனக்கு அவமானமாக இருக்கும். அழுதிருக்கிறேன்.

ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் நல்லவள். சனிக்கிழமை சாயங்காலம் உன் தாத்தா பழைய சிப்பாய்களோடு கள்ளுக்கடைப் பக்கம் போய்விடுவார். உன் நைனா ரயில் பட்டறை வேலை முடிந்து வர நேரமாகும். "தலை வாரிக்கொண்டு வருகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போய், அவள் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, இரண்டு பேரும் வயிறாரத் தின்போம். அப்புறம் கையில் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வெற்றிலை போட்டு மென்று, வாசனையைக் கொன்றுவிட்டு வீடு திரும்புவேன். உன் நைனாவுக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு. அதனால் ஓர் இருமல். தெருமுனையில் அந்த இருமல் கேட்டதும் நான் சுதாரித்துக்கொள்வேன். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் வாசலுக்கு வருவதற்குள் ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே நிற்பேன். அந்த இருமலை எனக்குப் பிள்ளையாரே கொடுத்த வரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சண்டை வந்தது. தெருத்தெருவாகத் தம்பட்டம் அடித்து ஆள் சேர்த்தார்கள். ஹவில்தார் மகன் சும்மா இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உன் தாத்தா குதித்தார். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து கப்பலேறி, பஸ்ரா என்று ஏதோ ஒரு ஊராம், அங்கே போக வேண்டுமாம். வழியனுப்ப ரயிலடிக்குப் போனோம். மாலை போட்டார்கள், ஒரு துரை கை குலுக்கினான். கை குலுக்குகிற துரையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆட்டுக்கு மாலை போடுவது எதற்கு என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த மாலை எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி நகருகிற நேரத்தில் உன் நைனா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற தன் அப்பனைப் பார்த்தார். "சரி, வந்து சொல்றேன் போ" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் நான் கேட்ட கடைசி வார்த்தை. அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் எத்தனை விதமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன் தெரியுமா? இன்னொருத்தி இருக்கிறாளோ, அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறதோ, அதைத்தான் சொல்லத் துணிவில்லாமல் போனாரோ என்று அவர் பட்டறை இருந்த பெரம்பூர்ப் பக்கமெல்லாம் விசாரித்திருக்கிறேன். அப்படி யாரும் அகப்படவில்லை. அகப்படாததாலேயே சந்தேகம் கூடியது.

செத்துவிட்டார் என்று சேதி வந்தபோது உன் தாத்தாவைக் கூப்பிட்டுத்தான் சொன்னார்கள். அவர் விறைப்பாக நடந்து வந்தார். "எம் புள்ள மார்ல குண்டு வாங்கிச் செத்தான், முதுகுல இல்ல" என்று தெரு முழுக்கச் சொன்னார். நான் பார்த்தவரிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்டேன். உடம்பு எங்கே? மண்ணில் புதைத்தார்களா, எரித்தார்களா, ஆற்றில் விட்டார்களா? சில வருஷம் கழித்து வெண்கலத்தில் வட்டமாக ஒரு தகடு வந்தது. அதில் ஒரு பெண், ஒரு சிங்கம், உன் நைனாவின் பெயர். சிங்கத்தைப் பார்த்துவிட்டு, துர்க்கைதான் என்று தெருப் பெண்கள் அந்த வெள்ளைக்காரப் பொம்மைக்குக் குங்குமம் வைத்தார்கள். நான் ஒரு மூலையில் புளி போட்டுத் தேய்த்து, நிஜ வெண்கலம்தானா என்று பார்த்தேன். நிஜம்தான். ஒரு புருஷனை வாங்கிக்கொண்டு ஒரு தகடு கொடுத்தவர்கள், அதிலாவது ஏமாற்றவில்லை.

முனுசாமி வந்தது அந்தத் தகட்டுக்கும் முன்னால். சண்டை முடிந்து, மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்பிய சமயம். தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "தங்கச்சி, நான் உம் புருசனோட தோஸ்து. கடைசி வரைக்கும் கூட இருந்தேன். வூட்டுக் கருவாடு வோணும், வூட்டுக் கருவாடு வோணும்னு கேட்டுகினே..." என்று ஆரம்பித்தான். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. "ஒனக்கு யாருய்யா தங்கச்சி? அவரு கருவாட்டக் கையால தொட மாட்டாரு. எவன் வூட்டுல சொல்ல வேண்டியத்த இங்க வந்து சொல்ற?" என்றேன். கட்டிலில் கிடந்த உன் தாத்தா மீசை துடிக்க எழுந்துவிட்டார். "எம் புள்ள கருவாட்டுக்கு அழுதுகினு செத்தானா? எழுந்து போடா!" முனுசாமி அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டான். ஒரு மனுஷன் மெய் சொல்ல வந்திருந்தால் நின்று வாதாட மாட்டானா? இவன் வாயை மூடிய வேகத்தைப் பார்த்தபோதே, இவன் உன் நைனாவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான், அல்லது பார்க்கக்கூடாததைப் பார்த்திருப்பான் என்று முடிவு கட்டினேன்.

அதோடு ஒழிந்தான் என்று பார்த்தால், அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள் மறுபடி வந்து நின்றான். அன்று நம் வீட்டில் உன் நைனாவுக்குப் படையல், உனக்கே தெரியும். ஆட்டுக்கறிக் குழம்பு, முட்டை, வடை, அதிரசம், ஒரு சுருட்டு, தாத்தா ஊற்றி வைக்கும் ஒரு கிளாஸ் ரம். உயிரோடு இருந்தபோது எதை ஆசையாகத் தின்றாரோ அதை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆத்மா வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். நானும் ஒன்று விடாமல் வைத்தேன். முனுசாமி கையில் மூடி போட்ட ஒரு தகர டப்பாவோடு வருவான். தாத்தாவுக்கு விறைத்து ஒரு சலாம் அடிப்பான். அந்தச் சலாமுக்காகவே தாத்தா அவனை உள்ளே விட்டார். அவன் நேரே போய் இலையை உற்றுப் பார்ப்பான். ஒவ்வொரு பண்டமாகப் பார்ப்பான். கும்பிடுவான். சாப்பிடச் சொன்னால் மாட்டான். டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போவான். வருஷா வருஷம் இதே கூத்து. செத்தவன் இலையை இவன் எதற்கு எண்ணுகிறான்? டப்பாவில் என்ன? எதையாவது கொண்டு வருகிறானா, எதையாவது கொண்டு போகிறானா? செய்வினை வைக்கிறானோ என்றுகூட நினைத்து, அவன் போன பிறகு வாசலில் மஞ்சள் நீர் தெளித்திருக்கிறேன்.

நவம்பர் மாதம் பட்டணத்தில் துரைமார்கள், சண்டையில் செத்தவர்களுக்காக நட்ட ஒரு கல்லின் முன்னால் கூடுவார்களே, அதற்கும் நம்மைக் கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் சங்கு ஊதும், எல்லாரும் அசையாமல் நிற்பார்கள், ஒரு துரைசானி வந்து உங்கள் தியாகத்துக்கு நன்றி என்பாள், அதை ஒருவன் தமிழில் சொல்லுவான். உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கிறார்கள், சரி. ஆனால் அந்த அம்மாளுக்கு யாரை நினைக்கிறோம் என்று தெரியாது. என் பக்கத்தில் நின்ற குதிரைக்காரனுக்கும் அதே சிரிப்பு, எனக்கும் அதே சிரிப்பு. முனுசாமி மட்டும் அங்கே ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏன் என்று உன் தாத்தா கேட்டதற்கு, "அது தொரைமாருங்க படையலு, பெரியவரே. நம்ம ஆளுக்கு அதுல எலை கெடயாது" என்றான். மடியில் கனம் இருக்கிறவன்தானே வழியில் பயப்படுவான், அந்தக் கல்லின் முன்னால் நிற்க இவனுக்கு என்ன பயம் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் நீ வளர்ந்து, நானும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று நின்றாய். அதுவும் இவன் வேலைதான் என்று வைத்துக்கொண்டேன். தகப்பனைத் தின்றுவிட்டுப் பிள்ளைக்கும் வலை போடுகிறான் என்று அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதது உனக்குத் தெரியாது.

இனி இந்தத் தீபாவளி. உன் தாத்தா கண்ணை மூடிய முதல் வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை, படையலும் இல்லை. ஆகவே அவர் கட்டில் காலியாகக் கிடக்க நான் தனியாக இலை போட்டது இதுதான் முதல் தடவை. உன் கடிதம் இடுப்பில் செருகியிருந்தது. நடு மத்தியானம். முனுசாமி வந்தான், டப்பாவோடு. தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. காலியான கட்டிலுக்கும் ஒரு சலாம் வைத்தான். வழக்கம் போல இலையைப் பார்த்தான். கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். நான் வாசலை மறித்து நின்றுகொண்டேன்.

"டப்பால இன்னா?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி."

"ஒண்ணுமில்லாத டப்பாவ எதுக்கு வருசா வருசம் தூக்கிகினு வர்ற? தொற. தொறக்காம இந்த வாசலத் தாண்டுனா, என் புள்ள கல்யாணத்துல நீ பந்தல் காலக்கூடப் பாக்க மாட்ட."

திறந்தான். நெத்திலிக் கருவாடு. வீடு முழுக்க வாசனை எழும்பியது. இந்த வீட்டுக்குள் அந்த வாசனை வந்தது அன்றைக்குத்தான். "மறுபடியும் அதே பொய்யா? செத்தவரக் கேலி பண்றியா நீ?" என்று கத்திவிட்டேன். முனுசாமி கட்டிலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அப்புறம் தரையில் குந்தினான்.

"பெரியவரு இல்ல. இனிமே சொல்லலாம். அவரு சண்டைல சாவல தங்கச்சி. வாந்திபேதி. ஒரே கூடாரத்துல எத்தினியோ பேரு. பெரியவரு மார்ல குண்டுன்னு சொல்லிகினு இருந்தாரு, அத்த நான் எப்டி கெடுக்கறது? என் கால்ல அடிபட்டப்ப என்ன முதுகுல போட்டுகினு மணல்ல நடந்தவரு உம் புருசன். அவரு படுத்தப்ப நான் பக்கத்துல குந்திகினு இருந்தேன். வாயெல்லாம் கசக்குதுடா, எம் பொஞ்சாதி ஆக்குற கருவாட்டுக் கொழம்பு வோணும்னாரு. நான் கேட்டேன், நீதான் கருவாடே துன்ன மாட்டியே, நாங்க துன்னா எழுந்து அப்பால பூடுவியேன்னு. சிரிச்சாரு."

"இன்னா சொன்னாரு?"

"'நான் துன்னதில்லடா. எங்கப்பனுக்குப் பயந்துகினு மூக்க மூடிகினேன். அவ பக்கத்து வூட்டுல ஆக்கித் துன்னுட்டு, கைல புளி தேச்சுகினு, வெத்தல மென்னுகினு வருவா. தல வாரிகினு வரேன்னு போவா, போன தலயாவே திரும்பி வருவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறா. நான் தெருமொனைலயே நின்னு ரெண்டு தபா இருமிட்டுத்தான் வருவேன், பாவம், கை கழுவிக்கட்டும்னு. ஊருக்குப் போனதும் மொத வேல, நம்ம வூட்டு அடுப்புலயே அவள ஆக்கச் சொல்லி, பக்கத்துல குந்திகினு துன்னப் போறேன். ரயில் ஏறும்போதே சொல்ல வாயெடுத்தேன், எங்கப்பன் பக்கத்துல நின்னுகினு இருந்தாரு'ன்னாரு. அப்பால ரொம்ப நேரம் இல்ல தங்கச்சி."

சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் என்று என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை! அந்த மனுஷன் தெருமுனையில் நின்று, எனக்காக இருமிக்கொண்டிருந்திருக்கிறார். அழுதேன். வாய் விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி அழுதேன். சாவுச் சேதி வந்த நாளில்கூட அப்படி அழவில்லை, அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லையே.

ஆனாலும் நான் யார்? முந்தானையால் மூக்கைச் சிந்திய கையோடு, "இத்த ஒனக்கு யாரு சொன்னாங்க? அந்தோணியம்மாவா?" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பதில் தெரிந்தது. விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷத்தில் அவளும் போய்விட்டாள். முனுசாமி தடியூன்றி இந்தத் தெருவுக்கு வந்தபோது அவள் கல்லறையில் புல் முளைத்திருந்தது. அவளுக்கும் எனக்கும் அவள் அடுப்புக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த இருமலின் காரணம் அவளுக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. "அப்ப ஏன்யா இத்தினி வருசம் சொல்லல?" என்று கேட்டேன்.

"மொத நாளே சொல்ல வந்தேன், நீ உடலியே. அப்பால பெரியவரு எதிர்ல, உம் மருமவ பக்கத்து வூட்டுல திருட்டுத்தனமா ஆக்கித் துன்னான்னு சொன்னா உன் பொழப்பு இன்னாவறது? அவரு இருமி இருமிக் காப்பாத்துனத்த நான் ஒரே வார்த்தைல ஒடைக்கறதா? எலைல என்னிக்காவது ஒரு துண்டு கருவாடு வெப்பியா, வெச்சா நீயே எப்டியோ தெரிஞ்சுகினேன்னு அர்த்தம், டப்பாவ எறக்கிட்டுப் போலாம்னு பாத்துகினே இருந்தேன். வெக்கல. எடுத்துகினு போயி எங்க வூட்டுல அவரு பேரச் சொல்லி எலை போட்டுருவேன். காத்திவாக்கத்து நெத்திலிதான். வேற ஊரு சரக்கு நான் வாங்கறதில்ல."

கேட்டாயா? நான் இங்கே ஆட்டுக்கறியும் அதிரசமும் அடுக்கி வைத்துவிட்டு, ஒரு குறையும் வைக்கவில்லை என்று தலை நிமிர்ந்து நின்றிருக்கிறேன். அவர் கடைசியாகக் கேட்ட ஒரே பண்டம் என் வாசல் வரைக்கும் வந்து வந்து, நான் முறைத்த முறைப்பில் திரும்பிப் போயிருக்கிறது. கரிபிடித்த கையோடு, யாரோ ஒருவன் வீட்டில், எனக்குத் தெரியாமல் என் புருஷனுக்கு இலை விழுந்துகொண்டிருந்திருக்கிறது. துரைசானி சொன்ன நன்றியை நான் சந்தேகப்பட்டதில் தப்பில்லை, இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன். ஆனால் வாயைத் திறந்து நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்தவனையும் அதே தராசில் நிறுத்தேனே, அதுதான் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. மார்பில் குண்டு இல்லை, வாந்திபேதி. இருக்கட்டும். அதில் போனவனும் பட்டாளத்தில் போனவன்தான். இதை நீ தலை குனியாமல் தெரிந்துகொள்.

அன்று போட்ட இலையை அப்படியே மூடி வைத்துவிட்டு, அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தேன். புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, இந்த வீட்டு அடுப்பில் முதல் முறையாக நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். முனுசாமியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு இலையில் ஊற்றிக் கற்பூரம் காட்டினேன். காக்கைக்கு வைத்தபோது, அது கறியை விட்டுவிட்டுக் கருவாட்டைத்தான் முதலில் கொத்தியது. "பாத்தியா தங்கச்சி, வந்துட்டாரு" என்று முனுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். கருவாட்டை விட்டுவிட்டுக் காக்கை வேறு எதைக் கொத்தும்? அதை நான் நம்பவில்லை. ஆனாலும் அது தின்று முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் தடவையாக அவன் இந்த வீட்டில் கை நனைத்தான்.

ஆகவே உனக்குப் பதில் இது. தை மாதம் முனுசாமி உன் நெற்றியில் பட்டம் கட்டட்டும். உன் தாய்க்கு ஒரு கூடப்பிறந்தவன் உண்டு என்று ஊர் பார்க்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால் உன் நைனாவுக்கு இலை போடும்போது கருவாடு இருக்கும். சம்பந்தி வீட்டார் மூக்கைச் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். ஆனால் இந்த யோசனை உன்னுடையதா, அவன் கேட்டு எழுதினாயா என்பதை மட்டும் எனக்கு நேரில் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டேன், சத்தியமாக எனக்குத் தெரியாது என்கிறான். பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. கல்யாண லீவு முடிந்ததும், நீ கட்டப்போகும் அந்தத் திருவொற்றியூர்ப் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டு நீ ரயிலேறப் போகிறாய். அவளும் எதையாவது ஒளித்துத் தின்பாள். நான் கெடுபிடிக்காரி, என் வீட்டில் ஒளிக்காமல் முடியாது. என் கண்ணில் மண்ணைத் தூவுவாள், உன் கண்ணில் படும். பட்டால், தெரிந்தும் தெரியாதவன் போல, பெரிய மனசோடு தெருமுனையில் இருமிவிட்டு வராதே. நேரே உள்ளே போ, அவள் பக்கத்தில் உட்கார், எனக்கும் ஒரு துண்டு வை என்று சொல். ரயிலடியில் அவளிடம் ஏதாவது சொல்லத் தோன்றினால், நான் பக்கத்தில் நிற்கிறேனே என்று விழுங்காதே. என்னை அப்பால் போகச் சொல்லு, கோபித்துக்கொள்ள மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு வண்டியேறு. வந்து சொல்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போகாதே.